குரல் இல்லாத ஆல்பம்

நீங்க டீயை உறிஞ்சாம குடிச்சா நல்லா இருக்கும் சார். தப்பா எடுத்துக்காதீங்க. பதினாறு வருஷமா ஹெட்போன் மாட்டிக்கிட்டு ரெக்கார்டிங் பண்றவன் நான். எச்சில் முழுங்கறது, நாக்கு ஒட்டிப் பிரியறது, மூக்கை உறிஞ்சறது எல்லாம் மைக் வழியா பத்து மடங்காக் காதுல வந்து விழும். சீன்னு ஆயிடும். சோறு இறங்காது.

அந்த நாலு பேர் குழு வந்தப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாடறவங்களே கிடையாது. கிடார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், அவ்வளவுதான். ஒவ்வொரு டிராக்கும் பன்னிரண்டு நிமிஷம், முணுமுணுன்னு ஆரம்பிச்சு இடி மாதிரி எழும்பும். ஆல்பத்துல மனுஷக் குரலே வரக் கூடாதுன்னு அவங்களே சட்டம் போட்டிருந்தாங்க.

கிடார் வாசிக்கறவர் எங்க அக்கா வீட்டுக்காரர். மச்சான் தங்கமான மனுஷன், ஆனா மூச்சு இழுப்பு உண்டு. நடு வாசிப்புல மருந்தை வாயில வெச்சுப் புஸ்ஸுனு அமுக்குவார். மூணு டேக் அதனாலயே பாழ். கடைசி டிராக்குக்கு முன்னாடி, "அந்தச் சனியனை என் மேஜையில வெச்சிட்டுப் போங்க மச்சான்"னேன்.

"பன்னிரண்டு நிமிஷம் தாங்குவேனா மாப்ள?"ன்னு சிரிச்சார். வெச்சிட்டுத்தான் போனார். அவர் மட்டும் கண்ணாடி போட்ட சின்ன அறையில. சத்தம் கசியாத கதவு, நல்லா இருக்கறவனே தோள் கொடுத்துத் தள்ளணும். மத்த மூணு பேரும் பக்கத்து ஹால்ல.

ஏழாவது நிமிஷம் ஆரம்பிச்சது சார். கீச்சு கீச்சுன்னு மூச்சு, உள்ள சளி கொழகொழன்னு. யாரோ என் காதுக்குள்ள துப்பற மாதிரி இருந்துச்சு. கண்ணாடி வழியா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். திரும்ப வாசிக்கலாம்னு சொல்றார்னு நினைச்சேன். பொறுங்கன்னு ஒரு விரலைக் காட்டிட்டு, என் மேஜையில இருந்தே அவர் மைக் சத்தத்தை இறக்கிட்டேன். டேக் அவ்வளவு அருமையா போயிட்டிருந்துச்சு.

கிடார் நின்னதும், வேணும்னே இடம் விடறார்னு நினைச்சு மத்தவங்களும் அடக்கி வாசிச்சாங்க. முடிச்சுட்டு டிரம்ஸ்காரர், "யப்பா, அந்த அமைதிக்கே ஆல்பம் போடலாம்"னார். அப்புறம்தான் கதவைத் திறந்தோம்.

நான் கொன்னுட்டேன்னு அக்கா மண்ணை வாரித் தூத்தறா. நான் இரைச்சலை எடுத்தவன், அவ்வளவுதான்.

ரெக்கார்டிங்ல மைக்கை இறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு செகண்ட் வெறுமையா இருக்கே, ஏன்னு கேட்டீங்க இன்ஸ்பெக்டர் சார். அங்க "மாப்ள, மருந்து"ன்னு இருந்துச்சு. அப்பவே தெளிவாக் கேட்டுச்சு. மறுநாள் உட்கார்ந்து அழிச்சேன். ஆல்பத்துல குரல் வரக் கூடாதே சார்.