உறை உரித்த கிரேயோன்கள்

கிரேயோன் உறையை உரிக்கிறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல டீச்சர். வாளியில வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, கொஞ்ச நேரம் ஊறப் போட்டா பேப்பர் தானா கழண்டு வந்திடும். அவசரப்பட்டு நகத்தால சுரண்டினாத்தான் சூசா, பெரிய தொல்லை, கலர் நகத்துக்குள்ள ஏறிக்கும். நான் சுரண்டல.

நீங்க கேட்ட கேள்வி வேற, தெரியும். நாலாம் ஆண்டு வகுப்பு முழுசுக்கும் ஓவியத்துல ஏன் ஆகக் குறைஞ்ச மார்க் போட்டேன்னு கேட்டீங்க. நேத்து பெத்தவங்க உங்க தலைமையாசிரியர் ரூமுக்கு வந்து ஆடின ஆட்டம் ஆசிரியர் அறை வரைக்கும் கேட்டுச்சு. பதில் சொல்றேன். கிரேயோன்ல ஆரம்பிச்சாத்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும். கதவைச் சாத்த வேணாம், நான் மெதுவாத்தான் பேசுவேன்.

நிலோபர் டீச்சர்னு என்னைக் கூப்பிட்டாலே இந்தப் பள்ளிக்கூடத்துல இத்தனை நாளும் நன்னெறி, உடற்கல்வி, சுகாதாரம்தான். ஆனா நான் பயிற்சிக் கல்லூரியில படிச்சது ஓவியம். இங்க வந்த முதல் நாளே நீங்க சொன்னீங்க, "ஓவியத்துக்கு ரெங்கசாமி சார் இருக்கார்மா, நீங்க பிள்ளைங்களத் திடல்ல ஓட விடுங்க." ஓட விட்டேன். இந்தக் கிள்ளான் ஊர் வெயில்ல நாலு வருஷமா விசில் ஊதினேன். என் தூரிகை எல்லாம் வீட்டு அலமாரியில கிடந்து முடி கொட்டிப் போச்சு.

ரெங்கசாமி சாரை நான் குறை சொல்ல மாட்டேன். கை அப்படி. கரித்துண்டை எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்தா ஆளு உசிரோட நிப்பாரு. பள்ளிக்கு யாரு விருந்தாளியா வந்தாலும், மாஜோங் பேப்பர்ங்கிற பெரிய வெள்ளைத் தாளைப் பலகையில ஒட்டி, அவங்களைப் பக்கத்துல நிக்க வச்சு, முகத்தை வரைஞ்சு, கலர் அடிச்சுக் கையில கொடுத்துத்தான் அனுப்புவாரு. உங்க நாற்காலிக்குப் பின்னால மாட்டியிருக்கிறதும் அவர் வரைஞ்சதுதானே. மூக்குத்தி கூட மின்னுது. அவரைத் தலையில தூக்கி வச்சு ஆடுனீங்க எல்லாரும், ஆடட்டும்னு நானும் கை தட்டினேன். எனக்கு வயிறு எரிஞ்சது உண்மை. அதை இல்லன்னு சொல்ல மாட்டேன்.

போன வருஷப் பொங்கலுக்கு ஆம்பள ஆசிரியர் எல்லாரும் ஒரே மாதிரி அரக்குக் கலர் ஜிப்பா போடணும்னு பேசி வச்சாங்க, ஞாபகம் இருக்கா? இவர் பாசிப்பச்சையில வந்து நின்னாரு. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சீங்க. அவரும் சிரிச்சாரு. "எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா போட்டோவுல என்னைத் தேடணும் லா"ன்னாரு. பெரிய குறும்புக்காரர்னு பேரு வாங்கிட்டாரு.

நான் மட்டும் சிரிக்கல. எங்க அத்தா துணிக்கடைக்காரர். மயில்கழுத்து, கத்தரிப்பூ, அரக்கு, மாம்பழ மஞ்சள்னு கலர் பேரு சொல்லித்தான் எனக்குப் பேசவே கத்துக் கொடுத்தாரு. கடைக்கு அப்பப்ப ஒரு ஆளு வருவாரு. பொண்டாட்டி சேலையைக் கையில வச்சுக்கிட்டு, இதுக்கு ரவிக்கைத் துணி வேணும்பாரு. எடுத்துப் போட்டா சேலையைப் பாக்க மாட்டாரு, துணியைப் பாக்க மாட்டாரு, அத்தா முகத்தையே பாப்பாரு. அத்தா ஒண்ணும் கேக்க மாட்டாரு. சரியான துணியை மேல வச்சு, "இதுதான் உங்க மனசுல இருந்தது, இல்லையா"ம்பாரு. அந்த ஆளுக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒண்ணாத்தான் தெரியும்னு அத்தாவுக்குத் தெரியும். கடைசி வரைக்கும் அதை அவர்கிட்ட சொன்னதே இல்ல.

பாசிப்பச்சை ஜிப்பாவுல நின்ன ரெங்கசாமி சாரும் அன்னிக்கு அப்படித்தான் எங்க முகத்தையே பாத்தாரு. அதுக்கப்புறம் நானும் அவரைப் பாத்தேன். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்தேன்னு வச்சுக்குங்க. கிரேயோனை எடுப்பாரு, உறையில அச்சடிச்சிருக்கிற பேரை ஒரு ஓரப்பார்வை பாப்பாரு, அப்புறம்தான் பேப்பர்ல வைப்பாரு. ஒரு தடவை கூடத் தவறாது.

நேரா உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? "பாவம், விடும்மா"ன்னிருப்பீங்க. நாமளும் விட்டா, கலரே தெரியாத ஆளுகிட்ட பிள்ளைங்க கலர் படிக்கும். எனக்கு என் கவலை இல்ல டீச்சர், பிள்ளைங்க கவலைதான்.

அப்பத்தான் அவருக்குச் சிறப்பு ஆசிரியர் தகுதி கொடுக்கப் போறாங்கன்னு நீங்க காலைச் சபைகூடல்ல எல்லார் முன்னாலயும் அறிவிச்சீங்க. மாவட்ட அலுவலகத்துல இருந்து லோகன் சார் வருவாரு, நாலாம் ஆண்டு ஓவிய வகுப்புல உக்காந்து பாப்பாரு, பிடிச்சுப் போச்சுன்னா பட்டம். பட்டம் வந்தா ஓய்வு பெறுற வரைக்கும் அந்த ஓவிய அறை அவருக்குத்தான். நான் விசிலோட திடல்லயே நரைச்சுப் போகணும்.

அதனாலதான் அந்த வாரம் சுகாதார வாரம் வச்சேன். உறைப் பசைக்கு எறும்பு வருதுன்னு சொல்லி, ஓவிய அறைப் பெட்டியில இருந்த கிரேயோன், பிள்ளைங்க பையில இருந்தது எல்லாத்தையும் வாங்கி, கேண்டீன் பின்னால உக்காந்து ஊற வச்சு உரிச்சேன். சாயப் புட்டி லேபிளையும் விடல. கேண்டீன் அக்கா கூட, "எவ்வளவு பொறுப்பு பாரு இந்தப் பிள்ளைக்கு"ன்னு சொல்லி எனக்குப் பால் இல்லாம ஒரு தே ஓ டீ போட்டுக் கொடுத்தாங்க. நீங்களும் நன்றி சொன்னீங்க.

செவ்வாய்க்கிழமை லோகன் சார் வந்தாரு. போட்டோ எடுக்க ஆள் வேணும்னு நீங்க கேட்டதும் நான் கையைத் தூக்கினேன். வகுப்புக்குப் பின்னால போனோட நின்னேன். ரெங்கசாமி சார் பெட்டியைத் திறந்தாரு. உள்ள எல்லாம் அம்மணமாக் கிடக்கு. அவர் முகத்துல ஈ ஆடல. நான் அதை ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பாக்கல. முன் வரிசையில உக்காந்திருக்குமே தாமரை, ரெட்டைப் பின்னல், கொஞ்சம் திக்கிப் பேசும், அது எழுந்து போச்சு. யாரும் சொல்லல. பெட்டியில இருந்து கிரேயோனை எடுத்து அவர் மேசை மேல வரிசையா அடுக்குச்சு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு. அடுக்கிட்டு வந்து உக்காந்திடுச்சு. அவர் இடப்பக்கத்துல இருந்து விரலால எண்ணி, சரியா எடுத்து ரம்புத்தான் கூடைக்குக் கலர் அடிச்சுக் காட்டினாரு. பழம் சிவப்பு, இலை பச்சை, கூடை பழுப்பு. ஒரு பிசகு இல்ல.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. பிள்ளைங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆறாம் ஆண்டு அஞ்சுக்குச் சொல்லி, அஞ்சு நாலுக்குச் சொல்லி, எத்தனை வருஷமா இந்தக் கூத்து நடக்குதோ. நம்ம ஆசிரியர் அறையில ஒரு காது குத்து விசேஷத்தை ஒரு நாள் ரகசியமா வைக்க முடியுதா? இதுங்க வாயே திறக்கல. உறையைப் படிக்கிறது எல்லாம் அவர் தன் திருப்திக்கு ஒரு தடவை சரி பாத்துக்கிறது, அவ்வளவுதான். லோகன் சார் வேற, "என்ன ஒழுங்கு, பிள்ளையே வந்து அடுக்கி வைக்குது"ன்னு வாயாரப் பாராட்டுறாரு.

நான் உழைச்ச உழைப்பு வீணாப் போறதைப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா நிக்கிறது சொல்லுங்க.

கடைசியில வழக்கம்போல விருந்தாளி படம். ரெங்கசாமி சார் மாஜோங் பேப்பரை ஒட்டப் பலகைப் பக்கம் போனாரு, லோகன் சாரும் கூடப் போனாரு. பிள்ளைங்க தலையைக் குனிஞ்சு ரம்புத்தான் வரைஞ்சுக்கிட்டு இருக்கு. நான் படம் எடுக்கிற மாதிரியே மேசைக்கிட்டப் போய், பச்சையைப் பழுப்பு இடத்துலயும் பழுப்பைப் பச்சை இடத்துலயும் வச்சேன். வலது கையில போன், இடது கையால. ரெண்டே ரெண்டு கிரேயோன். உறை இருந்திருந்தா அவர் படிச்சுப் பாத்திருப்பாரு. அதனால உரிச்சதும் வீண் இல்ல, பாத்தீங்களா.

நிமிர்ந்தப்ப தாமரை என்னைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் சிரிச்சேன். அதுவும் சிரிச்சுச்சு. ஒரு டீச்சர் மேசையைத் தொட்டா யாரு என்ன நினைப்பா.

ரெங்கசாமி சார் அன்னிக்கு வரைஞ்ச மாதிரி நான் பாத்ததே இல்ல. லோகன் சாரோட அந்தத் தடிச்ச மீசை, மூக்குக் கண்ணாடி, கழுத்து மடிப்பு எல்லாம் அச்சு. அப்புறம் விரலால எண்ணி, கிரேயோனைப் படுக்கப் போட்டு, ஆசை ஆசையாக் கலர் அடிச்சாரு. நெத்தி பச்சை. கன்னம் பச்சை. காது மடல் வரைக்கும் விடாமப் பச்சை. அடிச்சிட்டு ரெண்டு அடி பின்னால போய் நின்னு, "எப்படி சார்"ன்னாரு.

முப்பது பிள்ளைங்க டீச்சர். ஒண்ணு கூடச் சிரிக்கல. எனக்குத்தான் சிரிப்பு வந்து, தலையில சுத்தியிருந்த தூடோங் முனையால வாயைப் பொத்திக்கிட்டேன்.

தாமரைதான் எழுந்து நின்னுச்சு. "சார், நா... நான்தான் மாத்தி வச்சிட்டேன். சாருக்கு எல்லாம் தெரியும், நான்தான்"னு சொல்லும்போதே அழுதிடுச்சு. நான் அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனா இன்னொரு ஆசிரியர் வகுப்புல குறுக்க பேசுறது மரியாதை இல்ல, அதை நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க.

ரெங்கசாமி சார் போய் அது தலையில கை வச்சாரு. "உக்காரும்மா. நீ சரியாத்தான் வச்சிருப்ப." அப்புறம் லோகன் சாரைப் பாத்து, "எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணுதான் சார். இத்தனை வருஷம் இந்தப் பிள்ளைங்கதான் எனக்குக் கண்ணு"ன்னாரு. கிரேயோனைக் கீழ வைக்காமக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னாரு.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். பட்டம் வேணாம்னு அவரே எழுதிக் கொடுத்திட்டாரு. ஓவிய அறைச் சாவியை என் கையிலதான் கொடுத்தாரு, "பாத்துக்கம்மா, பிள்ளைங்க தங்கம்"னு. இப்ப நூல்நிலையத்துல உக்காந்து புத்தகத்துக்கு உறை போடுறாரு. எல்லாத்துக்கும் பழுப்புப் பேப்பர். பச்சைன்னு நினைச்சுப் போடுறாரோ என்னவோ. நான் அந்தப் பக்கம் போனா எழுந்து வணக்கம் சொல்றாரு. நானும் சொல்வேன். எங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபமும் இல்ல.

இப்ப மார்க் விஷயம். போன வாரம் நாலாம் ஆண்டுக்கு ஒரு தலைப்பு கொடுத்தேன், "எனக்குப் பிடித்த ஆசிரியர்". என்னை வரையணும்னு நான் சொல்லல. ஒவ்வொண்ணா வாங்கிப் பாக்குறேன், ரெங்கசாமி சார், ரெங்கசாமி சார், ரெங்கசாமி சார். அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அத்தனையிலும் முகம் பச்சை. பாசிப்பச்சை ஒண்ணு, வாழையிலைப் பச்சை ஒண்ணு. ஒருத்தன் சாருக்குப் பக்கத்துல தன்னையும் வரைஞ்சு தன் முகத்துக்கும் பச்சை அடிச்சிருக்கான். பேசி வச்சுக்கிட்டுத்தான் செஞ்சிருக்குங்க. மனுஷ முகம் பச்சையா இருக்குமா டீச்சர்? கலர் தப்பு. தப்புன்னா குறைஞ்ச மார்க்தான். பாசம்னு பாத்து மார்க் போட்டா அப்புறம் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வகுப்பு முழுசுக்கும்னு பெத்தவங்க சொன்னது மட்டும் சரியில்ல. ஒண்ணே ஒண்ணு தப்பிச்சிருக்கு. தாமரையோடது. தலைப்பை விட்டு விலகி அது என்னை வரைஞ்சிருக்கு. அன்னிக்கு நான் போட்டிருந்த கத்தரிப்பூ தூடோங்கை, ஊதாவும் சிவப்பும் வெள்ளையும் கலந்து அப்படியே கொண்டு வந்திருக்கு. எங்க அத்தா பாத்தாக் கூட வேற துணின்னு சொல்ல மாட்டாரு. வலது கையில போன். இடது கை மேசை மேல, விரலுக்கு நடுவுல ஒரு பச்சை, ஒரு பழுப்பு. படத்துல நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன்.

கொண்டு வந்திருக்கேன், இந்தாங்க, நீங்களே பாருங்க. அதுக்கு முழு மார்க் போட்டிருக்கேன். கலர்ல ஒரு குறை சொல்ல முடியாது டீச்சர்.