படத்தோட முதுகு

இறக்காதீங்க தம்பி, கொஞ்சம் இருங்க. உங்க பட்டறையில மூணு வருஷம் கெடந்த சுவரு, இன்னும் அரை மணி லாரியில கெடந்தா ஒண்ணும் ஆயிடாது. கிரேன்காரரையும் உக்காரச் சொல்லுங்க. காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு? வேணாமா? சரி, பட்டணத்துப் பழக்கம்.

ஆமா, பெலாயியா நான்தான். பேப்பர்ல என்ன போட்டிருக்கு? பின்பக்க உரிமையாளரா? சிரிக்காதீங்க, சரியாத்தான் போட்டிருக்காங்க. முன்பக்கம் எங்கக்கா மிர்சினியோடது. எங்க தீவுல வீடு பொண்ணுங்களுக்குத்தானே போகும். எங்கப்பாவுக்கு வீடு ஒண்ணு, பொண்ணு ரெண்டு. இந்தச் சுவர நடுவுல வச்சு ஆளுக்குப் பாதின்னு எழுதிட்டாரு. தெருப்பக்கம் இருந்த கூடம் அவளுக்கு, பின்னால எண்ணெய்ப் பானை வைக்கற அறை எனக்கு. சுவருல வரைஞ்ச படம் அவ பக்கம். படத்தோட முதுகு எம்பக்கம்.

புரோகோபிஸ் வரைஞ்சப்ப இது எங்க தாத்தாவோட காப்பிக்கடை. ஊர் ஊராப் போயி, சோத்துக்குப் படம் போடற ஆளு அவரு. ஒரு மாசம் இங்க உக்காந்து அவரைக்கொட்டையும் ரொட்டியும் தின்னுட்டுக் கடல் சண்டை ஒண்ணப் போட்டுட்டுப் போனாரு. நீங்கதான் மூணு வருஷமாப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே. கப்பல்ல அத்தனை மாலுமிங்க, ஒருத்தனாவது எதிரியப் பாக்கறானா? எல்லாரும் நம்மளப் பாக்கறானுங்க, போட்டோவுக்கு நிக்கற மாதிரி. கீழ எழுதினதுல வீரம்ங்கற வார்த்தையத் தப்பா எழுதியிருந்தாரு. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் பொறுக்க மாட்டாமக் கரியால திருத்தி வச்சாரு. நீங்க திருத்தினத அழிச்சுட்டுத் தப்பப் பத்திரமா வச்சிருக்கீங்களாம். நல்ல உத்தியோகம்.

ஆணியா? அதையும் சொல்லிட்டாங்களா? நான் ஒரு சல்லடை மாட்டறதுக்கு ஆணி அடிச்சேன் தம்பி. என் சுவருதானே. உள்ள வெறும் மரச்சட்டம், மேல சுண்ணாம்புப் பூச்சு. ஆணி கொஞ்சம் நீளம். அந்தப் பக்கம் கப்பல் கேப்டனோட கண்ணு வழியா வெளிய வந்துருச்சு. எம்பக்கம் இருந்து பாத்தா கேப்டன் எங்க நிக்கறான்னு எப்படித் தெரியும்? வேணும்னே அடிச்சேன்னு அவ ஊரையே கூட்டிட்டா. நான் ஒரு வார்த்தை சொன்னேன். கண்ணு போனது அவனுக்கு, நீ எதுக்கு அழுவறேன்னேன். அதச் சொல்லியிருக்கக் கூடாது. பத்தொம்பது வருஷம் பேச்சே இல்ல.

நெசமாத்தான். ஒரே கூரை, ஒரே சுவரு. அவ தும்முனா எனக்குக் கேக்கும். என்னை வெறுப்பேத்தறதுக்குன்னே ரேடியோவ அலற விடுவா. எம்புருஷன் செத்தப்பகூட அவ என் வாசப்படி ஏறல. நாப்பது நாளு ரேடியோ மட்டும் போடல. அத அப்ப நான் பெருசா நெனைக்கல.

அப்புறம் பூகம்பம் வந்துச்சு. வீடு நின்னுருச்சு, நடுச்சுவரு மட்டும் மாசமா இருக்கற பொம்பள மாதிரி வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னுச்சு. இன்னொரு ஆட்டம் ஆடினா படம் பொடியாப் போயிடும், பேத்துக்கிட்டுப் போறோம்னு உங்க பட்டறையில இருந்து ரெண்டு பொண்ணுங்க வந்தாங்க. ரெண்டு பேரு கையெழுத்தும் வேணும். நான் அவ போட்டாளான்னு கேட்டேன். அவ நான் போட்டேனான்னு கேட்டிருக்கா. பாவம், இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் நாலு நடை. கடைசியில உங்க தங்கச்சி போட்டுட்டாங்கன்னு அவகிட்டயும், அக்கா போட்டாச்சுன்னு எங்கிட்டயும் சொல்லி வாங்கிட்டாங்க. பொய்தான். கெட்டிக்காரப் பொண்ணுங்க.

காயத்துக்குக் கட்டுப்போடற மாதிரி துணிய ஒட்டி, துண்டு துண்டா அறுத்து எடுத்துக்கிட்டுப் போனீங்க. கூரைக்கு ரெண்டு இரும்புத் தூணு, நடுவுல ஒரு நீலத் தார்ப்பாய். மொதக் குளிர்காலத்துல ஒரு நாள் காலையில கடல்காத்துக்கு அது பிச்சுக்கிட்டுப் பறக்குது. இந்தப் பக்கக் கயித்த நான் இழுக்கறேன், அந்தப் பக்கத்த அவ இழுக்கறா. விடுடின்னா. பத்தொம்பது வருஷத்துக்கு அப்புறம் மொத வார்த்தை அதான். விட்டேன். தார்ப்பாய் கீழ விழுந்துருச்சு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நிக்கறோம். அவ கெழவியாயிட்டா. என்னையும் அவ அப்படித்தான் நெனச்சிருப்பா, மூஞ்சியிலயே தெரிஞ்சுது.

அதுக்காக ராசியாயிட்டோம்னு நெனைக்காதீங்க. சண்டை போடறதுக்கு வசதியாச்சு, அவ்வளவுதான். எம்மத்தி மீனுக்கு உப்பு பத்தலைம்பா. அவ கீரை வடை எண்ணெய் குடிச்சிருக்கும்பேன். சொல்லிக்கிட்டே ரெண்டு பேரும் தின்னு முடிச்சிருப்போம்.

இல்ல தம்பி, இப்ப உள்ள வந்து அளக்க வேணாம். அளவெல்லாம் அப்படியேதான் இருக்கு. நான் என்ன சொல்றேன்னா, சுவர இங்க வைக்க வேணாம். மேல பள்ளிக்கூடத்துக் கூடம் சும்மாத்தான் கெடக்குது, பசங்களே ஆறு பேருதான். ஊர்த்தலைவர்கிட்டப் பேசிட்டேன், எடம் தரேன்னுட்டாரு. இஞ்சினியர் அந்தத் தூணு ரெண்டும் நூறு வருஷம் தாங்கும்னு எழுதிக் குடுத்திருக்காரு. எங்கேயிருந்து எடுத்தோமோ அங்கதான் வைக்கணும்னு சட்டமா? ரெண்டு பேரும் வேணாம்னு சொன்னாக்கூடவா? அப்படின்னா மேலிடத்துக்கு எழுதிக் கேளுங்க. இந்தாங்க, கையெழுத்து. இது என்னோடது, இது அவளோடது.

கோணலாத்தான் இருக்கும். எடது கையால போட்டா.

இல்ல, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியாது தம்பி. போன பிப்ரவரியில அடுப்புகிட்ட விழுந்துட்டா. தொப்புனு சத்தம், மறுபடி கட்டியிருந்த தார்ப்பாய விலக்கிட்டு ஓடினேன். சுவரு இருந்திருந்தாலும் சத்தம் கேட்டிருக்கும். நான் போயிருக்க மாட்டேன். பாத்திரத்தக் கீழ போட்டுட்டா, நல்லா வேணும்னு நெனச்சுட்டு என் வேலையப் பாத்திருப்பேன்.

வாதம் வந்து வலது பக்கம் பூரா விழுந்துருச்சு. மூணு மணிக்கொரு தடவை பொரட்டிப் போடணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். சுவர வச்சீங்கன்னா நான் தெருவுக்கு எறங்கி, சுத்தி, அவ வாசப்படி பதினோரு படி ஏறணும். எம்முட்டிக்கு ஆகாது. பேச்சும் போயிருச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். தண்ணிக்கும் அதான், வலிக்கும் அதான், கோவம் வந்தாலும் அதான். சில பேருக்கு அப்படி ஒண்ணு ஒட்டிக்குமாம், எது ஒட்டும்னு சொல்ல முடியாதாம். ஒருத்தருக்குக் கெட்ட வார்த்தையே ஒட்டிக்கிச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இவளுக்கு எம்பேரு ஒட்டிக்கிச்சு.

அந்தா, கேக்குதா? பசியா இருக்காது. யாரு வந்திருக்காங்கன்னு தெரிஞ்சாகணும் அவளுக்கு. வந்துட்டேன்டி! நீங்க காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க தம்பி. லாரியத் திருப்பறதுக்குக் கோயில் வாசல்ல எடம் இருக்கு, அங்க போயித் திருப்புங்க.