நாற்பத்தேழாம் உருப்படி

தொகுஜிரோ: எழுது. முதல்ல யார் யார் இருந்தாங்கன்னு எழுது.

கசுமி: அப்பா, இது கோர்ட்டு இல்லே. ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பாக்குறோம், அவ்வளவுதான்.

தொகுஜிரோ: பட்டறை ஏட்டுலே எது எழுதினாலும் இருந்தவங்க பேரோடதான் ஆரம்பிக்கும். எழுது. இகெஹாத்தா தொகுஜிரோ, வயது எண்பத்தொன்று, பட்டறையை நிறுவியவர். அவர் மகள் கசுமி, போன வசந்தத்திலிருந்து பட்டறையின் முதலாளி. பழைய கணினிகளைப் பழுது பார்க்கும் குபோதெரா, ஹிமெஜிக்காரர். வேறு யாரும் இல்லை.

குபோதெரா: என் வயசைப் போடலையே, முதலாளி.

கசுமி: எந்த முதலாளியைக் கேக்குறீங்க? என்னையா, அவரையா?

குபோதெரா: யார் முறைக்கிறாங்களோ அவங்களை.

தொகுஜிரோ: பிற்பகல் மணி மூன்று பத்து. அதையும் எழுது.

குபோதெரா: "நோயாளி பிழைத்துக்கொண்டது"ன்னும் சேத்துக்கோங்கம்மா. காலையிலே மூச்சே இல்லே இதுக்கு.

கசுமி: இன்னும் எத்தனை நாள் ஓடும், குபோதெரா சான்?

குபோதெரா: இவ்வளவு பழைய ரகத்துக்கு நான் ஜோசியம் சொல்றதில்லே. கையிலே இருந்த கடைசி டிஸ்க்கை மாட்டியிருக்கேன். அதுவும் ஒரு பொதுக் குளியல் வீட்டை மூடினப்போ கழட்டினது. இருபது வருஷம் தண்ணி காய வெச்சுது. இப்ப உங்களுக்கு இரும்பு வெட்டப் போவுது.

தொகுஜிரோ: ஓடுதில்லே? போதும். மூடிடுங்க. பேரிக்காய் நறுக்கி வெச்சிருக்கு, சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க.

கசுமி: மூடக் கூடாது. அவரைக் கூப்பிட்டது அதுக்கு மட்டும் இல்லே.

தொகுஜிரோ: வேற எதுக்கு?

கசுமி: புது மெஷின்ல நேத்து வெட்டின சக்கரம் தண்டுலே தொளதொளன்னு ஆடணும், இல்லே சரியா உக்காரணும். ரெண்டும் இல்லே. ஏறவே மாட்டேங்குது.

தொகுஜிரோ: புது மெஷின் சரியில்லே.

கசுமி: மூணு தடவை அளந்தேன். நடு ஓட்டை பன்னிரண்டு மில்லி. டிராயிங்லேயும் பன்னிரண்டு.

தொகுஜிரோ: அப்ப தண்டு சரியில்லே.

கசுமி: தண்டு, நாம சக்கரம் செஞ்சு கொடுக்குற கட்டில் கம்பெனி அனுப்பினது. போன மாசம் இந்தப் பழசுலே வெட்டின சக்கரத்துலே அதே தண்டு வெண்ணெய் மாதிரி இறங்குது. அந்தச் சக்கரத்தையும் அளந்தேன்.

தொகுஜிரோ: யாரைக் கேட்டு அளந்தே? நாப்பத்தேழாம் உருப்படியை நான் மட்டுந்தான் அளக்குறது.

கசுமி: தெரியும். அதுக்குன்னு தனி கேஜ், தனி இழுப்பறை, தனிச் சாவி. நீங்க கண் ஆஸ்பத்திரிக்குப் போனப்போ சாவி மேசை மேலே இருந்துது. பன்னிரண்டு புள்ளி இருபத்துநாலு, அப்பா. டிராயிங்கை விட ஓட்டை கிட்டத்தட்ட கால் மில்லி பெரிசு. ஆனா ஒவ்வொரு மாசமும் பரிசோதனைத் தாள்லே "பன்னிரண்டு"ன்னு எழுதி உங்க முத்திரை இருக்கு.

குபோதெரா: நான் வேணும்னா வண்டியிலே போய் உக்காரட்டுமா?

தொகுஜிரோ: உக்காருங்க. பேரு எழுதியாச்சு. இருந்தவங்க இருக்கணும்.

குபோதெரா: பேரிக்காய் நல்லாத்தான் இருக்கு... தொத்தொரிப் பக்கத்துதா?

கசுமி: வருஷா வருஷம் செப்டம்பர்லே ஒரு பெட்டி வரும். அனுப்புறவர் பேரு நகுரா. அப்பா வருஷக் கடைசியிலே அவருக்கு ஒரு பெட்டி அனுப்புவார். யாருன்னு கேட்டா, தெரிஞ்சவன்பார். சரி, அதை விடுங்க. உள்ளே என்ன இருக்கு?

குபோதெரா: உங்கம்மா எழுதின புரோகிராம் இருக்கு. நான் நிறையப் பேர் எழுதினதைப் பாத்திருக்கேன். பாதிப் பேர் குப்பைத் தொட்டி மாதிரி எழுதுவாங்க. இது சாப்பாட்டு மேசையைத் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு.

கசுமி: சாப்பாட்டு மேசையிலேதான் எழுதினாங்க. நாங்க தின்னு முடிச்சப்புறம்.

குபோதெரா: வேலை ஆரம்பிக்கிறப்போல்லாம் மரியாதையா ஒரு கேள்வி கேக்குது பாருங்க. "கம்பி தின்னும் அளவைக் கழித்துவிட்டீர்களா?"

கசுமி: ஆமா. இந்த மெஷின்லே மின்சாரம் பாயுற மெல்லிசு கம்பிதான் வெட்டுது; அது வெட்டிட்டே போறப்போ தன் பங்குக்கு ரெண்டு பக்கமும் இரும்பைத் தின்னும். ஓட்டை பெரிசாயிடும். அதைக் கழிச்சாச்சான்னு கேக்கும். நான் எப்பவும் "இல்லை"ன்னு அடிப்பேன். அதுவே கழிச்சுக்கும்.

குபோதெரா: பக்கத்துக்கு எவ்வளவு கழிக்குது?

கசுமி: புள்ளி பன்னிரண்டு.

குபோதெரா: ரெண்டு பக்கத்துக்கும் சேத்து... ம்.

கசுமி: என்ன ம்?

குபோதெரா: ஒண்ணும் இல்லே. கொட்டை பல்லுலே மாட்டிக்கிச்சு.

கசுமி: பேரிக்காய்ல அவ்வளவு பெரிய கொட்டையா?

குபோதெரா: என் பல்லு அப்படி. இதோ, நீங்க தேடினது கிடைச்சுது. எழுநூத்திப் பத்தாவது வரி. "உருப்படி எண் நாற்பத்தேழு என்றால், ஓட்டையில் புள்ளி இருபத்துநான்கு கூட்டு."

கசுமி: அம்மாவே எழுதினதா?

குபோதெரா: அதே கை. அதுக்கு மேலே ஒரு குறிப்பு வேற. மெஷினுக்கு இல்லே, படிக்கிறவங்களுக்கு. "ஏன் என்று கேட்கக் கூடாது."

கசுமி: அப்பா.

தொகுஜிரோ: கேக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கில்லே.

கசுமி: அம்மா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப நான் கேக்குறேன்.

தொகுஜிரோ: முலாம் பட்டறை ஒகுமுரா என்ன சொல்றான் தெரியுமா? பொண்டாட்டி ஞாபகத்துக்காகக் கிழவன் இந்தப் பெட்டியைக் கட்டிட்டு அழுவுறானாம்.

கசுமி: அது இல்லேன்னு எனக்குத் தெரியும். அம்மா படத்துக்கே மாசம் ஒரு தடவைதான் தூசி தட்டுறீங்க.

குபோதெரா: நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஏன் இன்னும் பழசையே வெச்சிருக்கீங்கன்னு எல்லாப் பட்டறையிலேயும் கேப்பேன். புதுசுலே அந்த புரோகிராம் ஓடாதும்பாங்க. வேலையை நிறுத்த நேரமில்லேம்பாங்க. எல்லாம் நெசந்தான். ஆனா திறந்து பாத்தா எங்கேயாவது இப்படி ஒரு வரி இருக்கும். எங்க ஊர்லே ஒரு ஊறுகாய்க் கம்பெனி. உப்பு அளக்குற புரோகிராம்லே ஆறாம் பீப்பாய்க்கு மட்டும் ஒரு பிடி கூட. ஏன்னு ஒருத்தருக்கும் தெரியலே. புதுசு வாங்கினப்போ அந்த வரியை விட்டுட்டாங்க. ஆறாம் பீப்பாய் அழுகிப் போச்சு.

கசுமி: ஏன்?

குபோதெரா: கொதிகலன் பக்கத்துலே நிக்குது. சூடு. எழுதினவர் செத்து வருஷக்கணக்காச்சு. வரி மட்டும் ஞாபகம் வெச்சிருந்துது.

கசுமி: இங்கே எந்தக் கொதிகலன், அப்பா? வெள்ளிக்கிழமை நாலாயிரம் சக்கரம் போகணும். பழசு நின்னுட்டா புதுசுலே அந்த இருபத்துநாலை நான் என் கையாலே அடிக்கணும். தெரிஞ்சே. அடிச்சுட்டு "பன்னிரண்டு"ன்னு தாள்லே என் முத்திரை குத்தணும். இந்தப் பெட்டிக்கு வெக்கம் கிடையாது, அது செஞ்சிட்டுப் போச்சு. எனக்கு இருக்கு.

தொகுஜிரோ: ... டீ ஊத்து.

கசுமி: ஊத்தியாச்சு. சொல்லுங்க.

தொகுஜிரோ: தொண்ணூத்து மூணுலே அந்தக் கட்டில் புதுசு. ஆஸ்பத்திரிக் கட்டில். தலைமாட்டைத் தூக்குற சக்கரம் நம்மது, தண்டு வேற பட்டறையிலே. டிராயிங் போட்டவன் நகுரா. அப்ப அவனுக்கு முப்பத்துமூணு வயசு. புதுசா ஒரு ஆஸ்பத்திரி திறக்குறாங்க, நாள் குறிச்சாச்சு. மாட்டிப் பாத்தா தண்டும் சக்கரமும் சேரலே.

கசுமி: பேரிக்காய் நகுராவா?

தொகுஜிரோ: அவன்தான். ஞாயித்துக்கிழமை இங்கே வந்தான். நீ இருக்குற இடத்துலேதான் மண்டி போட்டு உக்காந்தான். தண்டு எல்லாம் தடியா செஞ்சாச்சு, சக்கரத்தோட ஓட்டை அதுக்குத் தக்கபடி இருக்கட்டும், சக்கரத்து டிராயிங்லே கை வெக்க வேணாம், காரணம் கேப்பாங்கன்னான். உங்கம்மா இந்த வரியை எழுதினா. அவ்வளவுதான்.

கசுமி: அப்ப அந்த இன்னொரு பேச்சு... கட்டில் கம்பெனியிலே ஒருத்தர் டிராயிங்கைத் தப்பாப் போட்டதாலே தொத்தொரிக் கிடங்குக்குத் தள்ளிட்டாங்கன்னு தெருவெல்லாம் பேசுவாங்களே. அது இவரா?

தொகுஜிரோ: பெட்டி எண்ணிட்டிருக்கான். இருபத்தாறு வருஷமா.

கசுமி: ஒருத்தர் பிழைக்கணும்னு நீங்க இத்தனை வருஷம் பொய்த் தாள்லே முத்திரை குத்தியிருக்கீங்க. அப்பா... நான் உங்களை என்னென்னவோ நினைச்சேன். கஞ்சம்னு கூட.

குபோதெரா: டீ ஆறுது, முதலாளி.

கசுமி: இவ்வளவுதான்னா இதை இன்னிக்கே முடிச்சிடலாம். எதுக்கு ஒளிச்சு வெக்கணும்? கம்பெனியிலே டிராயிங் திருத்தக் கோரிக்கைத் தாள் இருக்கு. பன்னிரண்டை எடுத்துட்டு பன்னிரண்டு புள்ளி இருபத்துநாலுன்னு போடச் சொல்லுவோம். தரப்பிரிவுப் பையன் நல்லவன், ஒத்துக்குவான். அப்புறம் வெட்டுறதும் எழுதுறதும் ஒண்ணா இருக்கும். இந்தப் பெட்டியை குபோதெரா சான் எடுத்துட்டுப் போகலாம்.

குபோதெரா: டிஸ்க்குக்கு ஒரு கோழிப்பண்ணை காத்துட்டிருக்கு.

தொகுஜிரோ: அந்தத் தாள்லே காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்.

கசுமி: இருக்கு. நிரப்புறேன், கேளுங்க. "தொடக்க வரைபடத்தில் வடிவமைப்பாளர் செய்த பிழை."

தொகுஜிரோ: அதை எழுதாதே.

கசுமி: அது காலியா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. பொறுப்பானவர் பேரும் வேணும். நகுரா...

தொகுஜிரோ: பேரு போடாதேன்னு சொன்னேன்.

கசுமி: அப்பா, அவருக்குத் தண்டனை கொடுத்து எத்தனையோ காலம் ஆச்சு. இப்ப இது வெறும் தாள். தெருவே பேசினதுதானே? புதுசா என்ன வந்துடப் போவுது?

தொகுஜிரோ: வர்ற மார்ச்சுலே அவனுக்கு ஓய்வு. தாள் போனா அவனைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. நீதானா தப்பா வரைஞ்சதுன்னு.

கசுமி: கேக்கட்டுமே. உள்ளதைச் சொல்லிட்டுப் போறார்.

தொகுஜிரோ: "ஆமா"ம்பான்.

கசுமி: பின்னே?

தொகுஜிரோ: மறுபடியும் "ஆமா"ம்பான், கசுமி.

கசுமி: புரியலே... குபோதெரா சான், நீங்க ஏன் சுவரைப் பாக்குறீங்க?

குபோதெரா: காலண்டர் நல்லா இருக்கு.

கசுமி: அது போன வருஷத்துது.

குபோதெரா: ... பெரியவரே, நான் ஒரு வார்த்தை. நம்பரைப் பாத்ததும் எனக்குத் தோணிச்சு. பக்கத்துக்குப் புள்ளி பன்னிரண்டு, ரெண்டு பக்கமும் சேந்தா இருபத்துநாலு. நான் மெஷின்காரன், மனுஷங்க விஷயம் எனக்கு எதுக்குன்னு வாயை மூடிட்டேன். இப்பவும் மூடிக்கிறேன். கோழிப்பண்ணைக்காரன் காத்திருப்பான்.

கசுமி: இருபத்துநாலுன்னா... கழிக்காம விட்ட கணக்கு. யாரோ அந்தக் கேள்விக்கு "ஆச்சு"ன்னு அடிச்சிருக்கணும். ஆனா அம்மா அப்படி அடிக்க மாட்டாங்களே.

தொகுஜிரோ: உங்கம்மா இல்லே. அவ அக்கா சாவுக்கு வகயாமா ஊருக்குப் போயிருந்தா. நான் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனா.

கசுமி: அப்பா...

தொகுஜிரோ: அந்தத் தாளைக் கொடு. கிழிக்காதே, அது ஏட்டோட இருக்கட்டும். வேற தாள் எடு.

கசுமி: கொஞ்சம் யோசிங்க. நம்ம தப்புன்னு எழுதினா, பொய்த் தாள் இருபத்தாறு வருஷத்துக்கும் நாமதான் பதில் சொல்லணும். இந்த வேலை போயிடும். பட்டறையிலே பாதி இந்த வேலைதான். இகெஹாத்தான்னு வெளியிலே தொங்குற பலகையை நினைச்சுப் பாருங்க.

தொகுஜிரோ: பலகையை நினைச்சுத்தான் இருபத்தாறு வருஷம் பேசாம இருந்தேன்.

குபோதெரா: பேனா இந்தாங்கம்மா.

கசுமி: ... சொல்லுங்க, எழுதுறேன்.

தொகுஜிரோ: இருந்தவங்க பேரு மேலேயே இருக்கு. அதுக்குக் கீழே எழுது. கட்டில் கம்பெனியின் நகுரா வரைபடத்தைத் தவறாக வரைந்தார் என்று இந்தத் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மை அல்ல. வரைபடம் சரி. கம்பி தின்னும் அளவைக் கழித்துவிட்டீர்களா என்று கணினி கேட்டது. கேள்வியைப் படிக்காமல் "ஆச்சு" என்று அடித்து, மூவாயிரம் சக்கரங்களைக் கெடுத்தவர் இகெஹாத்தா தொகுஜிரோ. அந்தச் சக்கரங்களுக்குத் தக்கபடி தண்டுகளைத் தடியாகச் செய்யச் சொல்லி, பழியை ஏற்றவர் நகுரா. அன்று இங்கே மண்டியிட்டதும் தொகுஜிரோதான். நகுரா நின்றுகொண்டிருந்தார். முத்திரையை எடு.