இன்னிக்கு என்ன பழம்?

மனோரஞ்சிதத்தை வீட்டுக்குள் வளர்க்க முடியாது என்பார்கள். முடியும். வெளிச்சம் வேண்டும், இலையில் தூசி படியக் கூடாது, வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. இதைத் தினமும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்புஜவல்லி அம்மா வீட்டில் அந்த ஆள் நான்தான்.

வழக்கு முடிந்துவிட்டது, இப்போது எதற்கு ஸ்டேஷனுக்கு வந்தாய் என்று கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. சொல்ல வேண்டியதை எழுதிக் கொடு என்றீர்கள். தீயைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆனால் செடியை விட்டுவிட்டுத் தீயைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எங்கள் சபையில் எழுத்துக் கூட்டப் படித்தவன். மெதுவாகத்தான் வரும்.

என் பெயர் தேவஇரக்கம். ஊர் சோழபுரம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்கத் தொடங்கியதும் மில்லை விட்டு, அம்மா வீட்டில் கொல்லை வேலைக்குச் சேர்ந்தேன். நெஞ்சு கெட்டதே தவிர மூக்கு கெடவில்லை. அது கெட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அந்தச் செடி என் மனைவி ஞானபாக்கியம் பதியன் போட்டது. அவள் இறந்து போன பிறகு, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சுவர் எழுப்பத் தாய்ச்செடியை வெட்டினார். பதியனை ஒரு பெயிண்ட் டப்பாவில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அம்மா இடம் கொடுத்தார். "என் ஆத்து முத்தத்துல வையேன், வெயில் வரது" என்றார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

வெளியே வைத்தால் குரங்கு விடாது. மலையிலிருந்து இறங்கி வந்து கொழுந்தை எல்லாம் உருவிப் போட்டுவிடும். அதனால்தான் முற்றத்துக்கு மேலே கம்பி வலை அடித்து, கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். கொல்லைக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள், வெளியே ஒரு கொண்டி. கொல்லையில் வேலை செய்யும்போது வெளிக் கொண்டியைப் போட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். செடியைச் சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றி, அடியில் பலகை வைத்து, மில்லில் கழித்துப் போட்ட வண்டியின் சக்கரங்களைப் பொருத்தினேன். வெயில் நகர நகரச் செடியையும் நகர்த்துவேன். மாதம் ஒரு முறை கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுவேன்.

மனோரஞ்சிதப் பூ பச்சையாக இருக்கும்போது இலைக்குள் ஒளிந்து கிடக்கும். மஞ்சளாகும்போதுதான் வாசம் கிளம்பும். எந்தப் பழத்தை நினைத்து மோந்தாலும் அந்தப் பழத்தின் வாசம் வரும் என்று சொல்வார்கள். முதல் பூ பூத்த அன்று அம்மா அதை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

"என்ன பழம் வரதுடா உனக்கு?" என்றார்.

"சப்பட்டை மாம்பழம்மா. உங்களுக்கு?"

அவர் பூவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம்தான் சொன்னார். கொரோனா காய்ச்சலில் மூக்கு போய்விட்டது, திரும்ப வரவில்லை. மகன் அச்சுத்துக்குக்கூடத் தெரியாது. மார்கழியில் கூடாரவல்லி அன்று அம்மா கிளறும் அக்காரவடிசிலுக்கு அந்தத் தெருவே காத்திருக்கும். நெய் காய்ந்ததையும் பால் சுண்டியதையும் வாசனையில் அறிந்தவர். மூக்கு இல்லை என்று தெரிந்தால் கரண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தார். "நீ சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கோ. சொல்லு. வெளியில மூச்சு விடாதே" என்றார்.

நான் நின்றேன். "அம்மா, அடி பிடிக்குது", "இந்தப் பால் திரிஞ்சு போச்சு", "செத்த பொறுங்க, நெய் இன்னும் காயலை." நாலு கூடாரவல்லி அப்படிப் போனது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. காலையில் நான் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன பழம்?" நான் செடியிடம் போய் மோந்துவிட்டுச் சொல்வேன். வந்ததைத்தான் சொன்னேன். பூ இல்லாத நாளில், "இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா, வெறும் பச்சைதான்" என்றுதான் சொன்னேன். ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

உறவுக்காரர்கள் வந்தால் என்னைக் காட்டிச் சொல்வார், "ராஜபாளையத்துக்கு நாய் வாங்கப் போனேன், இவன் கெடச்சான். மூக்கு அதைவிட ஜாஸ்தி." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அதற்காக எனக்குக் கோபம் இல்லை.

தீப்பிடித்ததற்கு முந்தின நாள் சாக்கடை ஓரம் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. அம்மா உடனே மகனுக்குப் போன் போட்டார். "அம்மா, மொதல்ல அந்தச் செடியத் தூக்கிப் போடு. மனோரஞ்சிதத்துக்குப் பாம்பு வரும்னு எல்லாரும் சொல்றா" என்று அச்சுத் சொன்னது எனக்கும் கேட்டது.

"பாம்பு தவளைக்கு வருதும்மா, பூவுக்கு எங்க வருது?" என்றேன். "சாக்கடை வாயில வலை அடிச்சுப்புடுதேன். பாக்கியம் வச்ச செடிம்மா."

"யார் வச்சா என்னடா? அது மணக்கறதுன்னு நீதான் சொல்றே. எனக்கென்ன தெரியும்? நாலு வருஷமா மாம்பழம், கொய்யாப்பழம்னு வாய்க்கு வந்ததை அளந்திருப்பே. நாளைக்கு விடிஞ்சா அது இங்க இருக்கப்படாது."

நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். செடியை எடுக்கச் சொன்னது பெரிதாகத் தெரியவில்லை. பொய் சொல்லாதவனைப் பொய்யன் என்றதுதான் நெஞ்சில் நின்றது. ஒரு பொய்யும் சொல்லாமலே அந்தப் பெயர் வந்துவிட்டது. அப்படியானால் ஒரு பொய் சொல்ல எனக்குப் பாக்கி இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது அது நியாயமான கணக்காகத்தான் இருந்தது.

மறுநாள் விடியும் நேரம், அம்மா எனக்காகத் தாழ்ப்பாளை நீக்கி வைத்திருந்த கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனேன். அம்மா குளியலறையில் இருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போவது அவர் வழக்கம். கதவுச் சத்தம் கேட்டு உள்ளே இருந்தபடியே கேட்டார், "வந்துட்டியா? இன்னிக்கு என்ன பழம்?" முந்தின நாள் அப்படிப் பேசியவர் அன்றைக்கும் கேட்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர், அப்படித்தான் கேட்டார் என்று இப்போது புரிகிறது.

"சப்பட்டை மாம்பழம்மா" என்றேன். பிறகு அவர் சொன்னபடி செடியைக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் குளித்துவிட்டு வந்து சாமி விளக்கேற்றத் தீப்பெட்டியை உரசினார். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது, கேஸ் வீடு முழுவதும் நிறைந்திருந்தது என்று உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். நான் உள்ளே ஓடி, ஈரச் சாக்கைப் போட்டு அவரைத் தூக்கி வந்தேன். என் கையில் உள்ள தழும்பு அது.

மதுரை ஆஸ்பத்திரியில் அவருக்குக் கடைசி வரை நினைவு இருந்தது. மகனிடம் அப்போதுதான் மூக்கு இல்லாததைச் சொன்னாராம். "கேஸ் வாசனை வந்திருந்தா தேவா சொல்லியிருப்பான்" என்றாராம். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நீங்கள் விபத்து என்று முடித்தீர்கள்.

காரியம் முடிந்து அச்சுத் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "செடியை நீங்களே எடுத்துண்டு போங்கோ. அம்மாவுக்கு நீங்கதான் எல்லாம்" என்றார். என் அறையில் ஒரே ஒரு ஜன்னல். அங்கேயும் அது தழைத்துவிட்டது. நேற்று பூத்தது. நான் இன்னும் மோந்து பார்க்கவில்லை.

ஐயா, மேலே எழுதியதில் ஒரு இடத்தில் வரிசையை மாற்றி எழுதிவிட்டேன். முதலில் உங்களிடம் வாயால் சொன்னபோதும் அப்படித்தான் மாற்றிச் சொன்னேன். சரியான வரிசை இதுதான்.

கொல்லைக் கதவைத் திறந்ததுமே எனக்குக் கேஸ் வாசம் வந்தது. அடுப்பை மூடப் போகவில்லை. முதலில் செடியைக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடியில் நிறுத்தினேன். பூவாளியை எடுக்கத் திரும்ப உள்ளே வந்தேன். அம்மா கேட்டது அப்போதுதான். மாம்பழம் என்று நான் சொன்னபோது முற்றத்தில் செடியே இல்லை. பூவாளியோடு வெளியே வந்து, குரங்கு நுழையாமல் இருக்க எப்போதும் போல வெளிக் கொண்டியைப் போட்டேன். ஓடிப் போய்த் திறந்தவனும் நான்தான், அதனால் கொண்டி போட்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தீப்பெட்டி உரசும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.