லோகு கடை பெஞ்சு

இன்னா சார், லோகு கடைக்கா? அங்க வேணாம். அத்த வுட்டா ராயபுரத்துல வேற கடையே இல்லியா? யாரு சொன்னது உனுக்கு? மைலாப்பூர்லயா! அங்க கீறவனுக்கு சுறாப்புட்டப் பத்தி இன்னா தெரியும்? திருட்டுத்தனமா துன்னுட்டுப் போனவன் எவனாச்சும் சொல்லியிருப்பான்.

ஓ, பத்திரிகையில எய்தப் போறியா? துன்னுட்டு எய்தறதுக்குச் சம்பளம் வேற தரானா? நல்ல பொயப்பு நைனா.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க. அது லோகு கடையே இல்ல. நான் போட்ட கடை. ஜெயவேலு கடைன்னா ஹார்பர்ல மூட்ட தூக்குறவன் அத்தினி பேருக்கும் தெரியும். லோகநாதன் என் தம்பி. கூடப் பொறந்தவன். சுறாவ வெந்நியில போட்டு, தோல சொரண்டி, உதுத்து, துணியில கட்டிப் பியியணும். அந்தப் பியியறதுல தான் கீது எல்லாமே. தண்ணி நின்னா சொதசொதங்கும், மொத்தமாப் போனா மரத்தூளு. அத்த அவன் கையப் புடிச்சு சொல்லிக் குடுத்தது நான். இன்னிக்கு அவன் பேரு மைலாப்பூர் வரைக்கும் போயிருக்கு.

வா வா, நான் காட்றேன் வேற எடம். ஸ்டேஷனப் பாத்துட்டியா? இன்னாத்த பாத்த? தூணு. வெள்ளக்காரன் நட்டான், போய்ட்டான். தூணத் துன்னவா முடியும்?

பாத்து நட, ட்ராம் தண்டவாளம் தடுக்கும். ட்ராம நிறுத்திட்டானுங்க, தண்டவாளத்தப் பேக்க ஆளில்ல. ஆபீஸர்ங்க பவிசு அப்டி.

இந்தா, இது முப்பிடாதி கடை. தெக்கத்தி ஆளு. கருப்பட்டி காப்பி குடி. எப்டி கீது? ஜோரா கீதா? கஸ்மாலம் மாதிரி கீதுன்னு சொல்லு, அந்தாளு கோச்சிக்க மாட்டாரு. ஊர்லேர்ந்து வந்து எடத்தப் புடிச்சாரு, சுக்கத் தட்டிப் போட்டாரு, கூட்டம் சேர்ந்துச்சு. எனக்கு வேணாம். நீ குடி.

இன்னாய்யா முப்பிடாதி அப்டிப் பாக்குற? போவேன், போவேன். எப்பப் போவணும்னு எனக்குத் தெரியும். நீ காப்பிய ஆத்து.

அவரு கேக்குறது வேற விசயம் சார். நீ வா.

இப்டிக்கா கல்மண்டபம் பக்கம் திரும்பு. பதுருன்னிசா போடற இடியாப்பமும் பாயாவும் இங்க பேர் போனது. அந்தம்மா தான், கோணி மறைப்புக்குப் பின்னாடி. துன்னு. எலும்ப உறிஞ்சு, கூச்சப்படாத, உன் ஆளுங்க யாரும் இங்க இல்ல. நல்லா கீதா? நாலு பேரு நல்லா கீதுன்னா உனுக்கும் நல்லா கீது. காரம் தூக்கல், மல்லி கம்மி. சொன்னா அந்தம்மா சண்டைக்கு வரும்.

இல்லம்மா, எனக்கு வேணாம். தெரியுது இல்ல? அப்பறம் இன்னாத்துக்கு எல போட வர? சாருக்கு மட்டும் போடு.

ஏன் நான் எதையும் துன்னலன்னு கேக்குறியா? நாக்கு செத்துப் போச்சு நைனா. ஊர்ல எல்லாம் பிசாத்து சமையல். இதையெல்லாம் துன்றதுக்கு சும்மா இருக்கலாம்.

நட. அந்தச் சந்துல நுழஞ்சா கடக்கர. கட்டுமரம் காயப் போட்டிருப்பானுங்க. உன்ன மாதிரி ஆளுங்களுக்கு இது புடிக்கும், படம் எடுப்பானுங்க. நாத்தத்த எவனும் எடுக்க மாட்டான். அந்தாண்ட நெத்திலி வறுத்துகினு கீதே ஒரு பொம்பள, மாவு கலந்து பொரிக்குது. மீன் வாங்கக் காசு இல்லாதவன் மாவத் துன்றான். எய்திக்க.

சண்டையா? எனக்கும் லோகுவுக்குமா? சண்டையே கெடயாது. ஒரு வார்த்த பேசல. குண்டு போடப் போறான் ஜப்பான்காரன்னு ஊரே காலியான வருசம் இல்ல? கவுருமெண்டே போங்கன்னுச்சு. நான் பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுகினு பொன்னேரிப் பக்கம் போய்ட்டேன். இவன் போவல. பயமில்லன்னு மார தட்னான். கடைய தொறந்து வச்சுகினு, ஊர்ல மிச்சமிருந்த கூலி ஆளுக்கும் சோல்ஜருக்கும் ஆக்கிப் போட்டான். அந்த நேரத்துல எவன் சோறு போட்டானோ அவன் பேரு தான் நின்னுச்சு. அத்தக் கூட வுட்டேன் சார்.

நான் திரும்பி வரேன். பாதி தூரம் நடந்து வந்தேன். எங்க வூட்ல வழக்கம் இன்னான்னா, கடைக்கு வர கிராக்கிக்கு வெளிய பெஞ்சு. வூட்டு ஆளுங்க உள்ளாற அடுப்பாண்ட குந்தித் துன்னணும். எங்கம்மா காலத்துலேர்ந்து அப்டித்தான். இவன் இன்னா பண்ணான் தெரியுமா? வாண்ணேன்னான். பெஞ்ச தொடச்சான். எல போட்டான். வெளிய! ரெண்டு பக்கமும் லோடு ஏத்துறவன், நடுவுல நான். நான் கட்டுன அடுப்பு உள்ளாற எரியுது, எனக்கு வெளிய எல.

எயிந்துட்டேன். எலய மடிக்கக் கூட இல்ல.

அவன் பொண்டாட்டி கெங்கம்மா வந்து வந்து சொல்லிச்சு. வேத்துக் கொட்டிகினு வந்தீங்களே மாமா, அடுப்பாண்ட அனலா இருக்கும், வெளிய காத்து வரும்னு தான் அவரு போட்டாருன்னு. காத்தாம் காத்து! அவனே வந்து சொல்ல வேண்டியது தான? வாயில இன்னா கொய்க்கட்டையா? அவனும் என் தம்பி தான, என் ரத்தம் தான, அவன் எப்டி வந்து சொல்வான்?

அப்பலேர்ந்து அந்தத் தெருவுல நான் கால வெக்கல. வாசன வரும். காத்து இப்டித் திரும்புச்சுன்னா எங்க வூடு வரைக்கும் வரும். பூண்ட அரைச்சானா தட்னானான்னு வாசனையிலயே சொல்லிடுவேன். நான் சொல்லிக் குடுத்தாப்புல தட்டித்தான் போட்டான், அந்தக் கய்தே. கடைசி வரைக்கும் தட்டித்தான் போட்டான்.

இன்னாடி குணசுந்தரி? வேணாம். மாலை வேணாம்னா வேணாம். எனக்கு எதுக்கு எடுத்து வச்ச? பெரிய மாலையாம். காசு வாங்கலன்னா குடுத்துடுவியா? சரி, சரி, குடுத்துத் தொலை.

புடி சார் இத்த, கொஞ்ச நேரம். கசக்கிடாத.

மோளமா? ஆமா, மோளந்தான். கல்யாண மோளம் இல்ல. காது கேக்குது இல்ல உனுக்கு, அது எப்டி அடிச்சா எதுக்குன்னு மைலாப்பூர்ல சொல்லித் தரல?

சொல்லித் தொலைக்கிறேன். லோகு கடையில இன்னிக்கு அடுப்பு பத்த வெக்கல. விடியக்காலம் சுறா வாங்கக் கடக்கரைக்குப் போனவன், கூடையோட அப்டியே சாஞ்சுட்டானாம். வாயிக்கரிசி போட நான் வரணும்னு எடுக்காம வச்சுகினு கீறாங்க. காலைலேர்ந்து ஆளு மேல ஆளு அனுப்பிகினு கீது கெங்கம்மா. நான் ஸ்டேஷனாண்ட வந்து நின்னேன். எதுனா ரயில் ஏறிடலாம்னு தான். நீ வந்து வழி கேட்ட. அதுவும் அந்தக் கடைக்கு.

கூடப் பொறந்தவன எடுக்குற வரைக்கும் எங்க ஆளுங்க பச்சத் தண்ணி பல்லுல படாம இருப்போம். அதான் துன்னல. அவனுக்காவ இல்ல. வழக்கம்.

வா. கடையப் பாக்கணும்னியே, இந்தச் சந்து திரும்புனா கடை தான். கூட்டமாத்தான் கீது. பெஞ்சு தெரியுதா? அதே பெஞ்சு தான். அது மேல தான் படுக்க வச்சுகீறாங்க.

இரு. கெங்கம்மா பாத்துடுச்சு. உள்ளாற வாங்க மாமான்னு கூப்புடும் பாரு. நான் போவ மாட்டேன் சார். உள்ளாற எனக்கு இன்னா வேல?

அவன் வெளிய தான கீறான்.