கருப்பு மேடையில் கருப்பு அடுப்பு

டைல்ஸ் எடுக்கப் போகும்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. பசியோடு போனால் எதைக் காட்டினாலும் சரி என்று தலையாட்டிவிடுவோம். நான் மூன்று தடவை கடைக்குப் போனேன். மூன்று தடவையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். ஆகவே அவசரத்தில் எடுத்த முடிவு என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருடம். அத்தான் இறந்த பிறகு நான்தான் கூட்டி வந்தேன். வந்த வாரமே சமையலறை அவள் கைக்குப் போய்விட்டது. உப்பு எங்கே என்று என் வீட்டில் நான் கேட்க வேண்டியிருந்தது. என் கணவர் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணி, பசிக்குது" என்று அவளைத்தான் கூப்பிடுவார். என் மகள் பரீட்சையில் தேறிய அன்று, கூடத்தில் நின்ற என்னைத் தாண்டிப் பெரியம்மாவிடம் ஓடினாள். எனக்கு வயிறு எரிந்தது. அக்காமேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

போன வருடம் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, போனது திரும்பாது என்றார். வீட்டில் செய்ய வேண்டியதை என்னிடம் தனியாகச் சொன்னார். "ஓரம் தெரியணும்மா. அடுப்பு கருப்புன்னா மேடை வெளுப்பா இருக்கட்டும். சுவர்ல பளபளப்பு வேண்டாம், கண்ணு கூசும். சாமான் வச்ச இடத்துலயே இருக்கணும்." மருந்துச் சீட்டின் பின்னால் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

இதை அக்கா வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. சொன்னால் அவளை இன்னும் தலையில் வைத்துத் தாங்குவார்கள்.

அந்தச் சீட்டோடுதான் டைல்ஸ் கடைக்குப் போனேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்து, அதற்கு நேர்மாறானதைக் கேட்டேன். கருப்பு கிரானைட் மேடை. அதோடு சமமட்டமாகப் பதித்த கருப்புக் கண்ணாடி மின்சார அடுப்பு. தீ தெரியாது, சூடு மட்டும்தான். அடுப்புக்குப் பின்னால் சுவருக்கு, முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் கருப்பு டைல்ஸ்.

ஒட்ட வந்த மேஸ்திரிக்கு மனம் கேட்கவில்லை. "ஓரத்துல ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டிடலாம்மா. மேடை எங்க முடியுதுன்னு எனக்கே தெரியல."

"வேண்டாங்க. பார்க்க நல்லா இருக்காது" என்றேன்.

நீங்கள் விசாரித்தால் அவரே சொல்வார். நல்ல மனிதர்.

வேலை முடிந்ததும் அக்கா உள்ளங்கையால் மேடையைத் தடவினாள். "வழுவழுன்னு இருக்குடி. உனக்கு நல்ல ரசனை" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுவேன், கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். கரண்டி விழுந்தால் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். எண்ணெய் ஜாடியை இரண்டு சாண் தள்ளி வைத்துவிட்டு வந்து காத்திருப்பேன். அவள் விரல்களில் கொப்புளம் வந்தது, மறைத்தாள். நான்தான் கையை இழுத்து வைத்து மருந்து போட்டேன். "இனிமே நீயே சமைச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பேன். இரண்டு மாதம் பார்த்தேன். அவள் சொல்லவே இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. எண்ணெய் காய்ந்த வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி மேடையில் வைத்தாள். பாதிதான் மேடையில் இருந்தது, மீதி வெளியே. பிடியை அவள் இன்னும் விடவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். அக்கா என்று கூப்பிட்டிருந்தால் போதும், நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பிடியை விட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அதற்கு முந்தின நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "என் கண்ணு இப்படின்னு உன் வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்டி. தெரிஞ்சா, நான் வந்ததும் அடுப்படிக்குள்ள விடமாட்டார்" என்றாள். நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

டைல்ஸ் எடுத்தது நான். வாயை மூடிக்கொண்டு நின்றது நான். கொன்றது நான். இதையெல்லாம் என் கணவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அக்காவின் கண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்குக் கொடுத்த வாக்கை மீற எனக்கு மனம் வராது.