துருவத்துக்கு மேல ஒரு விமானம்

அந்த மணிய இனிமே அழுத்தாதீங்க தம்பி, காவக்காரருக்குக் கேட்டாச்சு. கரண்ட் வந்தாத்தான் லிஃப்ட் நகரும், அவரு என்ன செய்வாரு பாவம். உக்காருங்க, தரை சுத்தமாத்தான் இருக்கு.

மொட்டமாடிக்கா? கேமராவப் பாத்ததுமே நெனச்சேன். வானத்துல பச்சையும் செவப்புமா ஆடுதுன்னு ஊரே மேல ஏறிடுச்சே. கரண்ட் போனதுக்கும் அதே புயல்தான் காரணம். இல்லங்க, கத விடல. ஆறாவது மாடியில சூரியனக் கண்காணிக்கிற ஆபீஸ் இருக்கே, நான் அங்கதான்.

எப்படின்னா, சூரியன் ஒரு கொதிப்புல மின்னேறின துகள வாரி எறிஞ்சிடும். பூமியோட காந்தம் அதத் துருவத்துப் பக்கமா தள்ளிவிடும். அங்க காத்துல மோதறப்பதான் அந்த வெளிச்சம். சாதாரண நாள்ல அங்கயே ஆடி அடங்கிடும். புயல் பலத்துட்டா காந்தமே கலங்கிப்போயி, வெளிச்ச வளையம் விரிஞ்சு நம்ம தலைக்கு மேலயே வந்துடும். கீழ கம்பிகள்ல வேண்டாத மின்சாரம் ஓடி டிரான்ஸ்ஃபார்மர் படுத்துடும்.

அழகுதான். நான் இன்னிக்கு நிமிர்ந்துகூடப் பாக்கல.

ஆபத்தான்னா, தரையில இருக்கற நமக்கு ஒண்ணுமில்ல. துருவத்துக்கு மேல பறக்கறவங்க பாடுதான். ரேடியோ செத்துடும். அதனால முன்னாடியே பாதைய மாத்தச் சொல்லிடுவோம். இன்னிக்கும் சொன்னோம், எல்லா விமானமும் திரும்பிடுச்சு. ஒண்ணு மட்டும் பாதிக்கு மேல தாண்டிடுச்சு. அது போதாதுன்னு அதுல ஒரு எஞ்ஜின் வேற நின்னுபோச்சு. கிட்டத்துல இருக்கற ஓடுதளத்துல எறங்கப் பாக்கறோம்னு சொல்லிட்டிருக்கறப்பவே பேச்சு அறுந்துடுச்சு.

எறங்குச்சான்னு தெரியல தம்பி. எனக்குத் தெரியாது. மேல ஆபீஸ்ல தெரிஞ்சிருக்கும்.

நானா? தெருவுல சும்மா சுத்திட்டு வர்றேன். எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். நம்ம வீட்டாளு இருக்கற விமானம்னா நாற்காலிய விட்டு எழுந்துடணும், வேற ஒருத்தர் பாத்துப்பாங்க. அந்தக் கடைசிப் பேச்ச ஸ்பீக்கர்ல போட்டாங்க. துணை விமானி பேசறா. லீவுல வீட்டுல தூங்கறான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன், யாருக்காகவோ டியூட்டிய மாத்திக்கிட்டுப் போயிருக்கா. பெத்தவளுக்குக் குரல் தெரியாதா? எழுந்து வந்துட்டேன்.

அட, வெளக்கு வந்துடுச்சு.

ஆறு வேணாம் தம்பி. மொதல்ல மொட்டமாடிக்கே அழுத்துங்க. உங்கள விட்டுட்டு, திரும்ப வர்றப்ப நான் எறங்கிக்கறேன்.